பழைய அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனைப் படிப்பது எப்படி: 1899 சுவானி அணியை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லாந்து மேட்டு நிலத்தின் மேல் சுவானி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கல்லூரியின் முறையான பெயர் யுனிவர்சிட்டி ஆஃப் த சவுத். எல்லோரும் ஊர்ப் பெயரால் சுவானி என்றே அழைப்பார்கள். 1899-இல் அதன் ஃபுட்பால் அணி 12 ஆட்டங்கள் ஆடி 12-லும் வென்றது. எடுத்த புள்ளிகள் 322, கொடுத்தவை 10. அந்தப் பத்தும் ஒரே ஆட்டத்தில் போனவை.

இந்த எண்களை இன்றைய கணக்கில் படித்தால் பாதிக்கு மேல் தவறாகப் புரியும். டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) அன்று ஆறு புள்ளி கிடையாது, முன்னோக்கி எறியும் பாஸ் கிடையாது, ஆட்ட நேரமும் வேறு. ஆண்டுக்கு ஆண்டு விதி மாறிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் பழைய சீசன் பட்டியல் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதைப் பிரித்துப் படிக்க ஒரு முறை வேண்டும். ஒரு தாளில் ஆறு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, கிழமை, எதிரணி, ஊர், ஸ்கோர், ஸ்கோரின் பிரிவு. ஆறாவது பத்தியில்தான் உண்மையான வேலை.

ஸ்கோரைத் தொடுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள்

தாளின் மேலே அந்த ஆண்டின் புள்ளி மதிப்புகளை எழுதிவிட்டுத்தான் மற்ற எதையும் தொடங்க வேண்டும். கோல் உதை என்பது டச்டவுனுக்குப் பின் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலாக உதைப்பது. ஆட்டத்தின் நடுவே அதேபோல உதைத்து எடுப்பது ஃபீல்டு கோல். ஒரு அணி தன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே பந்தோடு சிக்கினால் எதிரணிக்குக் கிடைப்பது சேஃப்டி.

1883: டச்டவுன் 2, அதன்பின் வரும் கோல் உதை 4, ஃபீல்டு கோல் 5, சேஃப்டி 1.
1884 முதல் 1896 வரை: டச்டவுன் 4, கோல் உதை 2, ஃபீல்டு கோல் 5, சேஃப்டி 2.
1898 முதல் 1903 வரை: டச்டவுன் 5, கோல் உதை 1, ஃபீல்டு கோல் 5, சேஃப்டி 2.
1904 முதல் 1908 வரை: ஃபீல்டு கோல் மட்டும் 4 ஆகக் குறைந்தது.
1909 முதல்: ஃபீல்டு கோல் 3.
1912 முதல்: டச்டவுன் 6.

1897-ஐ வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அது நாலும் ஐந்தும் சந்திக்கும் எல்லை. அந்த ஆண்டு ஆட்டம் வந்தால் மறுநாள் செய்தித்தாள் விவரணையில் எத்தனை டச்டவுன், எத்தனை உதை என்று எண்ணி, எந்த மதிப்பு பொருந்துகிறது என்று அந்த ஆட்டத்துக்கே தனியாகப் பாருங்கள்.

1883-க்கு முந்தைய ஸ்கோர்கள் வேறு இனம். 1869 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் அணி பிரின்ஸ்டனை 6–4 என வென்றது. அந்த எண்கள் புள்ளிகள் அல்ல, கோல்கள். பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் தூக்கி ஓடக் கூடாது. அது நாம் அறிந்த கால்பந்துக்கே நெருக்கமான ஆட்டம். ஒரு வாரம் கழித்து பிரின்ஸ்டன் 8–0 என்று திருப்பிக் கொடுத்தது. இருவருடைய சீசனும் அத்தோடு முடிந்தது: ஒரு வெற்றி, ஒரு தோல்வி. 1876-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கல்லூரிகள் கூடி ரக்பி விதிகளை ஏற்ற பிறகு, நாலு டச்டவுன் ஒரு கோலுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். ஆகவே ‘4 கோல், 4 டச்டவுன்’ என்று எழுதியிருந்தால் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். எழுதியபடியே விடுங்கள்.

எல்லா ஸ்கோரையும் இன்றைய மதிப்புக்கு மாற்றி எழுதும் ஆசை பலருக்கு வரும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். 1890-இல் ஒரு அணி ஒரு ஃபீல்டு கோல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அணி ஒரு டச்டவுன் எடுத்து உதையைத் தவறவிடுகிறது. அன்றைய கணக்கில் 5–4, உதைத்த அணிக்கு வெற்றி. இன்றைய கணக்கில் 3–6, வென்றவரே மாறிவிடுகிறார். ஃபீல்டு கோலின் மதிப்பு டச்டவுனைவிட அதிகம் என்று தெரிந்துதான் அன்றைய கேப்டன்கள் உதைப்பதா ஓடுவதா என்று முடிவெடுத்தார்கள். மதிப்பை மாற்றினால் அவர்களுடைய யோசனையையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

ஸ்கோரைப் பிரிப்பது

1899-க்கு வருவோம். சேஃப்டி அரிதாகவே விழும். விழுந்தால் செய்தித்தாள் தவறாமல் சொல்லும். அதை முதலில் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டே அலகுகள்: 6 (டச்டவுனும் உதையும்), 5 (உதை தவறிய டச்டவுன் அல்லது ஃபீல்டு கோல்). ஒரு அணி எத்தனை முறை ஸ்கோர் செய்ததோ அதன் 5 மடங்குக்கும் 6 மடங்குக்கும் நடுவில்தான் மொத்தம் இருக்க முடியும். இரண்டு முறை என்றால் 10 முதல் 12. மூன்று என்றால் 15 முதல் 18. நாலு என்றால் 20 முதல் 24. ஐந்து என்றால் 25 முதல் 30.

டுலேன் அணிக்கு எதிராகச் சுவானி எடுத்தது 23. இருபதுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில் விழுகிறது, எனவே நாலு முறை. நாலு ஐந்துகள் இருபது போக மீதி 3, எனவே மூன்று உதைகள் உள்ளே போயின; மீதி ஒன்று உதை தவறிய டச்டவுன் அல்லது ஃபீல்டு கோல். எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராக 34: ஆறு முறை, நாலு உதை. ஜார்ஜியா டெக் ஆட்டத்தில் 32: அதே ஆறு முறைதான், ஆனால் இரண்டே உதை.

மொத்தம் 30-ஐத் தொட்டதும் இந்த வழி தடுமாறத் தொடங்கும். ஐந்து ஆறும் முப்பது, ஆறு ஐந்தும் முப்பது. 50-இலிருந்து தடுமாற்றம் நிரந்தரம். டென்னசிக்கு எதிரான 46 எட்டு முறையில் ஆறு உதையாக இருக்கலாம், ஒன்பது முறையில் ஒரே உதையாகவும் இருக்கலாம். கம்பர்லாந்து அணிக்கு எதிரான 71-க்கு மூன்று விடைகள்: 12 முறையில் 11 உதை, 13-இல் 6, 14-இல் 1. இப்படி வந்தால் எல்லா விடைகளையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, செய்தித்தாள் விவரணை கிடைக்கும் வரை காத்திருங்கள். பிடித்த விடையை மட்டும் வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை.

சிறிய எண்ணிலும் ஒரு பொறி உண்டு. சீசனின் கடைசி ஆட்டத்தில் நார்த் கரோலைனாவைச் சுவானி 5–0 என்று வென்றது. அந்த ஐந்து ஃபீல்டு கோலா, உதை தவறிய டச்டவுனா? 1899-இல் இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்பதால் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல வழியே இல்லை.

உதைகள் ஏன் இவ்வளவு தவறின என்று தோன்றலாம். இன்று உதையைக் கம்பங்களுக்கு நேர் எதிரே நின்று அடிக்கிறார்கள். அன்று பந்து கோல் கோட்டை எந்த இடத்தில் கடந்ததோ, அந்த இடத்துக்கு நேராகப் பின்னால் கொண்டுபோய்த்தான் உதைக்க வேண்டும். மூலையில் டச்டவுன் விழுந்தால் கம்பங்கள் ஓரமாகச் சாய்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மாற்றாக, கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைக் களத்துக்குள் உதைத்துக் கொடுக்க, சக ஆட்டக்காரர் அதைச் சுத்தமாகப் பிடித்தால் பிடித்த இடத்திலிருந்து கோலுக்கு உதைக்கலாம். பிடி தவறினால் வாய்ப்பே போயிற்று. கம்பங்களுக்கு நடுவே 18 அடி 6 அங்குலம், குறுக்குக் கட்டை 10 அடி உயரம். ஆக, ஒரு அணியின் உதைக் கணக்கு மோசமாகத் தெரிந்தால் உதைப்பவரைக் குறை சொல்வதற்கு முன், டச்டவுன்கள் களத்தின் ஓரத்தில் விழுந்தனவா என்று தேடுங்கள்.

கை பழக இன்னும் இரண்டு. 1902 ஜனவரி 1 அன்று பாசடீனாவில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று வென்றது: ஒன்பது முறை, நாலு உதை. 1911-இல் கார்லைல் அணி ஹார்வர்டை 18–15 என்று வென்றபோது ஜிம் தோர்ப் மட்டும் நாலு ஃபீல்டு கோல் அடித்தார். மூன்று மூன்றாக 12, மீதி ஆறு ஒரு டச்டவுனும் உதையும். இதே ஆட்டம் 1903-இல் நடந்திருந்தால் கார்லைலின் கணக்கு 26.

தேதியும் கிழமையும் ஊரும்

தேதியோடு கிழமையையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது செய்தி அச்சான நாள், ஆட்டம் நடந்தது முந்தைய நாள். அன்று நவம்பர் கடைசி வியாழக்கிழமைதான் அமெரிக்கர்களின் நன்றி நாள் விடுமுறை. சீசனின் பெரிய ஆட்டத்தை அன்றைக்கு வைப்பது வழக்கம். 1899-இல் அது நவம்பர் 30. சுவானி அன்று மாண்ட்காமரி நகரில் ஆபர்ன் அணியைச் சந்தித்தது. சீசன் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும்: மேலே சொன்ன 1902 ஜனவரி ஆட்டம் மிச்சிகனின் 1901 சீசனைச் சேர்ந்தது.

சுவானி பட்டியலைக் கிழமையோடு எழுதினால் அதன் அசாதாரணம் தானே வெளியே வரும். நவம்பர் 9 வியாழன், ஆஸ்டினில் டெக்சஸ் அணியுடன் 12–0. 10 வெள்ளி, ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்டு எம் அணியுடன் 10–0. 11 சனி, நியூ ஆர்லியன்சில் டுலேனுடன் 23–0. ஞாயிறு ஓய்வு. 13 திங்கள், பேட்டன் ரூஜில் எல்எஸ்யுவுடன் 34–0. 14 செவ்வாய், மெம்பிசில் மிசிசிப்பியுடன் 12–0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை. சுமார் 2,500 மைல் ரயில் பயணம்.

ஊர்ப் பத்தியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மிகத் தொலைவான ஆஸ்டினுக்கு முதலில் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு ஆட்டமாக ஆடியிருக்கிறார்கள். ஹூஸ்டன், மெம்பிஸ் இரண்டும் எதிரணிக் கல்லூரிகள் இருந்த ஊர்கள் அல்ல. ரயில் பாதையும் கூட்டமும் சேரும் நகரங்கள். டிக்கெட் வசூல்தான் இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் கொடுக்கும். இதைத் திட்டமிட்டவர் மாணவ மேலாளர் லூக் லீ. பின்னாளில் டென்னசியின் செனட்டர் ஆனவர். அந்தக் காலத்து மேலாளரின் பெயரை விட்டுவிடாதீர்கள். எந்த அணியோடு, எந்த ஊரில், வசூலில் என்ன பங்குக்கு ஆடுவது என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அவர்தான். அதேபோலக் களத்தில் முடிவெடுத்தவர் கேப்டன்; இங்கே ஹென்றி சீபல்ஸ். பயிற்சியாளர் பில்லி சூட்டர் பிரின்ஸ்டனில் இருந்து வந்தவர். 1880-களின் பட்டியல்களில் பயிற்சியாளர் இடம் வெறுமையாக இருந்தால் பதறாதீர்கள், பல அணிகளுக்குக் கேப்டனே எல்லாம்.

களத்தில் என்ன நடந்தது என்று கணிப்பது

களம் 110 கெஜ நீளம், 53 கெஜத்துக்குச் சற்று அதிக அகலம். பக்கத்துக்கு 11 பேர். 1880-இல் யேலைச் சேர்ந்த வால்டர் கேம்ப் முயற்சியால் 15-இலிருந்து குறைந்தது. மூன்று டவுன்களில் (முயற்சிகளில்) 5 கெஜம் முன்னேற வேண்டும். இது 1882-இல் வந்த விதி, காரணம் அதற்கு முந்தைய ஆண்டு ஆட்டம்: 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கொரு பாதி பந்தை விடாமல் வைத்துக்கொண்டு 0–0 என்று முடித்தன. கெஜத்தை அளக்கக் களத்தில் கோடு போட்டார்கள்; கம்பி அடுப்பு போலத் தெரிந்ததால் களத்துக்கே அதன் ஆங்கிலப் பெயரான ‘கிரிடயர்ன்’ ஒட்டிக்கொண்டது.

மூன்று முயற்சியில் 5 கெஜம் என்றால் ஆளை ஆள் இழுத்துத் தள்ளி முன்னேறுவதே லாபம். 1892-இல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு இறக்கிய பறக்கும் ஆப்பு வியூகம் இதன் உச்சம். இரு பக்கமிருந்தும் ஓடிவந்து ஆப்பு வடிவில் கூடி ஒரே இடத்தில் மோதுவது. தொடக்க உதையில் பந்தைக் காலால் லேசாகத் தொட்டுவிட்டுத் தாமே எடுத்துக்கொள்ள அன்று விதி அனுமதித்ததால்தான் அது சாத்தியமாயிற்று. 1894 முதல் தொடக்க உதை குறைந்தது 10 கெஜம் போக வேண்டும் என்று ஆனது. ஆகவே 1894-க்கு முந்தைய விவரணையில் ‘உதைத்த அணியே 20 கெஜம் ஓடியது’ என்று படித்தால் அது அச்சுப் பிழை அல்ல.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1893 வரை ஆட்டம் 90 நிமிடம், 1894 முதல் இரண்டு 35 நிமிடப் பாதிகள். ஆனால் விதிப்புத்தகம் சொன்னதுதான் நடந்தது என்று எண்ண வேண்டாம். கேப்டன்கள் பேசி 20, 25 நிமிடப் பாதிகளாகச் சுருக்குவது சகஜம்; எதிரணி பலவீனமாக இருந்தாலும் ரயிலுக்கு நேரமானாலும் குறைப்பார்கள், இருட்டினால் நிறுத்துவார்கள். செய்தித்தாளில் வரும் ஆட்ட விவரக் கட்டத்தின் அடியில் பாதிகளின் நேரம் ஒரு வரியில் இருக்கும், அதைத் தாளில் சேருங்கள். 40 நிமிடத்தில் எடுத்த 30 புள்ளியும் 70 நிமிடத்தில் எடுத்த 30 புள்ளியும் ஒன்றாகுமா?

ஒருமுறை வெளியேறிய ஆட்டக்காரர் அன்று திரும்ப உள்ளே வர முடியாது. தாக்கவும் தடுக்கவும் அதே பதினொரு பேர். இதை மனதில் வைத்து அந்த நவம்பர் பயணத்தை மீண்டும் பார்த்தால், ஐந்து ஆட்டங்களிலும் புள்ளி கொடுக்காமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். 322-ஐ விட அதுவே எங்களை அதிகம் அசர வைக்கிறது.

ஆட்டக்காரர் பட்டியலில் ஒன்று: குவார்ட்டர்பேக் என்றதும் பந்து எறிபவரைக் கற்பனை செய்யாதீர்கள். 1899-இல் பந்தை முதலில் வாங்குபவர் அதைத் தானே கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகவும் முடியாது, முன்னோக்கி எறியவும் முடியாது. வாங்கி அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் வேலை. புள்ளி எடுத்தவர்களைத் தேடினால், பந்தைத் தூக்கி ஓடும் ஹாஃப்பேக், ஃபுல்பேக் பெயர்களைப் பாருங்கள்.

பெயர்களும் சண்டை வந்த முடிவுகளும்

எதிரணிப் பெயரை அன்றைய செய்தியில் இருந்தபடி எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைக் குறியுங்கள். சுவானியிடம் 54–0 என்று தோற்ற சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன் அப்போது கிளார்க்ஸ்வில்லில் இருந்தது. இன்று மெம்பிசில் ரோட்ஸ் கல்லூரி. ஆபர்ன் அந்நாளில் அலபாமா பாலிடெக்னிக். பெயர் புரியாமல் ஒரே அணியை இரண்டாக எண்ணுவது எளிது.

ஆபர்னுடனான ஆட்டம் 11–10. மேலே சொன்ன முறையில் இரு அணியும் இரண்டிரண்டு முறை. சுவானியின் ஒரே ஒரு உதை உள்ளே போனது, ஆபர்னுக்கு ஒன்றும் இல்லை. முழு சீசனும் அந்த ஒரு உதையில் தொங்கியது. ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான்.

அதே ஆபர்ன் அதே மாதம் ஜார்ஜியாவுடன் ஆடிய ஆட்டம் பதிவில் 0–0. ஆபர்ன் 11–6 என்று முன்னிலையில் இருந்தபோது ஆட்டம் முடிக்கப்படாமல் நின்றது. இப்படி வந்தால் களத்தில் நின்ற ஸ்கோர், அதிகாரப்பூர்வ ஸ்கோர் இரண்டையும் எழுதுங்கள். வெற்றி–தோல்விக் கணக்கில் அதிகாரப்பூர்வமானது மட்டும் சேரும். சமனுக்கு மூன்றாவது பத்தி வேண்டும், கூடுதல் நேரம் அன்று கிடையாது.

‘தேசிய சாம்பியன்’ என்று 1936-க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் படித்தால் யார் கொடுத்த பட்டம் என்று கேளுங்கள். செய்தி நிறுவனத் தரவரிசை தொடங்கியதே அந்த ஆண்டுதான். முந்தையவை பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து கணித்தவை. 1899-க்கு அவர்களில் பலர் ஹார்வர்டைச் சொன்னார்கள். அணிப் பட்டியலில் பட்டத்தை எழுதும்போது கொடுத்தவர் பெயரும் சேர வேண்டும்.

1906-க்குப் பின் வரும் சீசன்கள்

1905 சீசனில் ஆட்டக்காரர்கள் பலர் இறந்தார்கள். அதிபர் தியடோர் ரூசவெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் முன்னோக்கிய பாஸ் அனுமதி, மூன்று டவுனில் 10 கெஜம், 60 நிமிட ஆட்டம் என்று பெரிய மாற்றம் வந்தது. ஆனால் உடனே பாஸ் மழை பொழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்: யாரும் தொடாமல் தரையில் விழுந்த பாஸ் பந்தையே எதிரணிக்குக் கொடுத்துவிடும். 1910-இல் ஆட்டம் நாலு 15 நிமிடக் கால் பகுதிகளாகப் பிரிந்தது. 1912-இல் நாலு டவுன், 100 கெஜக் களம். ஒரு அணியின் 1905, 1906 எண்களை ஒரே வரைகோட்டில் இணைக்காமல் நடுவில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள்.

கூட்டிச் சரிபார்த்தல்

பட்டியல் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். சுவானிக்கு: ஜார்ஜியா 12, ஜார்ஜியா டெக் 32, டென்னசி 46, சவுத்வெஸ்டர்ன் 54, இதுவரை 144. பயணத்தில் 12, 10, 23, 34, 12, சேர்த்து 235. கம்பர்லாந்து 71, ஆபர்ன் 11, நார்த் கரோலைனா 5, மொத்தம் 322. கூட்டல் பொருந்தாவிட்டால் முதலில் பெரிய வெற்றிகளின் ஸ்கோரைச் சரிபாருங்கள்; ஒருதலையாகப் போன ஆட்டங்களில்தான் நிருபர்கள் உதைகளை எண்ணத் தவறுவார்கள், இரண்டு செய்தித்தாள்கள் இரண்டு எண் சொல்லும். வித்தியாசம் 1 என்றால் ஒரு உதை. 6 என்றால் ஒரு டச்டவுனும் உதையும், 5 என்றால் ஒரு டச்டவுன் அல்லது ஃபீல்டு கோல் விடுபட்டிருக்கலாம். 2 என்றால் சேஃப்டியைத் தேடுங்கள்.